ஃபெரியில் நாலு பக்கம்: இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

ஜூன் 2, 2025

இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? வாங்கி அடுக்கியதைக் கேட்கவில்லை. பையில் கிடப்பது, பாதியில் மடித்து வைத்திருப்பது, நேற்று இரவு விளக்கை அணைக்க விடாமல் பண்ணியது, அதைச் சொல்லுங்கள்.

நான் முதலில் சொல்லிவிடுகிறேன். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. மூன்றாவது தடவை. எனக்கு வீடு மலேசியாவில் பட்டர்வொர்த்தில், வேலை எதிரே பினாங்குத் தீவில், பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தின் கணக்குப் பிரிவு. காலையும் மாலையும் ஃபெரி. ஒரு பயணத்துக்கு நாலு பக்கம் ஓடும். போன வாரம் மழையில் ஃபெரி தாமதமானபோது ஏழு பக்கம் ஓடியது, அன்றைக்கு அலுவலகம் போய்ச் சேர மனமே இல்லை.

நம் ஊரில் நடக்கும் கதையை நம் ஊரிலேயே உட்கார்ந்து படிப்பதைவிடப் பெரிய சுகம் வாசிப்பில் கிடையாது. இதுதான் என் கட்சி. மறுக்கிறவர்கள் வாருங்கள்.

ஜூன் 3, மாலை

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு இடத்தை மட்டும் சொல்கிறேன்.

ஜப்பான் சண்டைக் காலத்தில் நாவலின் நாயகன் பாண்டியன் சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்ற சரக்குப் பாய்மரக் கப்பலில் வருகிறான். வழியில் புயல். அந்தப் பக்கங்களில் சிங்காரத்தின் வாக்கியங்களே உடைந்துவிடும். முழு வாக்கியம் இருக்காது. காற்று, அலை, பலகை, மனிதர் கூச்சல் எல்லாம் தனித்தனிச் சொல்லாகத் தெறித்து வந்து விழும். முதல் தடவை படித்தபோது எனக்கு 24 வயது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன், நன்றாக இருந்தது. இன்று காலை அதையே ஃபெரியில் நின்றுகொண்டு படித்தேன். கீழே இயந்திரம் அதிர்கிறது, கைப்பிடிக் கம்பி அதிர்கிறது, பக்கத்தில் ஒரு பையன் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். நான் அதே கடலின் மேல் நிற்கிறேன். புத்தகத்தை மூடி இரண்டு நிமிடம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

ஜூன் 4

திருத்தம். அதே கடல் என்று எழுதியது தவறு. ஈப்போவிலிருந்து ஓர் ஆசிரியை சரியாகப் பிடித்தார். நான் தினம் கடப்பது தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலிருக்கும் குறுகலான வாய்க்கால். பாண்டியன் புயலில் மாட்டியது வெளியே, மலாக்கா நீரிணையில். என் தண்ணீரில் புயலெல்லாம் வராது, அதிகம் போனால் கப்பல் கொஞ்சம் ஆடும்.

ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தொங்கான் கடைசியில் இந்த வாய்க்காலுக்குள் வந்துதான் ஒதுங்க வேண்டும். வேறு வழியில்லை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜூன் 7

மதுரைக்கார வாசகர் நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "அது எங்கள் நாவல் இல்லையா? சுமத்ராவில் மைடான் நகரத்தில் நடந்துகொண்டே பாண்டியன் நினைப்பதெல்லாம் மதுரைத் தெருக்கள்தானே, சின்னமங்கலம்தானே?"

ரெண்டு நாளாக இதைத்தான் யோசிக்கிறேன். அவர் சொல்வது உண்மை. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். 1938இல் மைடானுக்கு வேலைக்குப் போனார், போர் முடிந்து ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார், 1997இல் இறக்கும்வரை அந்தப் பக்கம்தான். ஊரை விட்டு வந்தவன் ஊரை நினைத்து ஏங்குவது அந்த நாவலின் உயிர்நாடி. அவனுக்குப் பினாங்கு ஒரு வழித்தங்கல். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, காசு சேர்த்து ஊர் திரும்பவேண்டும், அவ்வளவுதான். அவருடைய முதல் நாவலின் பெயரே 'கடலுக்கு அப்பால்'.

என் பிரச்சினை இதுதான்: நான் இருப்பது அந்த அப்பாலில். என் பாட்டன் வந்தார், அப்பா இங்கே பிறந்தார், நான் இங்கே பிறந்தேன். பாண்டியன் பரதேசம் என்று பார்க்கிற தெருவில் எனக்குப் பல் மருத்துவர் இருக்கிறார். அவன் ஏங்கும் சந்தையும் கண்மாயும் எனக்குக் கதையில் வரும் இடம், அவன் கடந்துபோகும் சூலியா தெருதான் எனக்கு ஊர். அதனால் நான் அந்த நாவலைத் தலைகீழாகப் படிக்கிறேன் போல. அவன் ஏங்கும் இடத்தில் எனக்கு ஏக்கம் வருவதில்லை. அவன் சும்மா ஒரு தெருப்பெயர் சொல்லி நகரும் இடத்தில் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மதுரைக்காரரே, நாவல் உங்களுடையதுதான். எனக்கும் பங்கு உண்டு.

ஜூன் 7, இரவு

'கடலுக்கு அப்பால்' 1950இல் வெளிவந்தது என்று ஒருவருக்குத் தனியாக எழுதிவிட்டேன். பிழை. 1950இல் எழுதியது, கலைமகள் போட்டியில் பரிசு வாங்கிப் புத்தகமானது 1959. 'புயலிலே ஒரு தோணி'க்கு இன்னும் மோசம், 1962இல் எழுதி முடித்தது 1972இல்தான் அச்சேறியது. பத்து வருஷம் ஒருவர் இதை வைத்துக்கொண்டு காத்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை. அதன்பின் அவர் நாவலே எழுதவில்லை.

ஜூன் 9

கோலாலம்பூர் நண்பர் ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' படிப்பதாகச் சொல்கிறார். தினமும் எல்.ஆர்.டி. ரயிலில், கைபேசியிலேயே. மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கார்த்திகேசுவின் வேறு நாவல்களும் அங்கே உண்டு, காசில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

கார்த்திகேசு கெடாவில் பீடோங்கில் பிறந்து இங்கே அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2016இல் போய்விட்டார். 'அந்திம காலம்' புற்றுநோய் வந்த ஒரு முதியவரின் கதை. அதை நான் அம்மாவுக்குத் துணையாக மருத்துவமனை நாற்காலியில் இருந்த இரவுகளில் படித்தேன். அம்மா தூங்கும்போது படிப்பேன், விழித்தால் மூடி வைத்துவிடுவேன், அட்டை கீழ்நோக்கி இருக்கும்படி. நல்ல நாவல். மறுபடி எடுக்க என்னால் முடியவில்லை. நண்பர் முடித்துவிட்டு எழுதட்டும், நான் படிக்கிறேன், அவர் எழுதியதை மட்டும்.

ஜூன் 12

சௌராஸ்தா சந்தை மாடி பழைய புத்தகக் கடைகளுக்கு மதியம் போனேன். அங்கே ஆங்கிலமும் மலாயும் மலை மலையாகக் குவிந்திருக்கும், தமிழ் தேடினால் ஒரு கை அளவு. இன்றைக்கு அந்தக் கையளவில் ஒன்று கிடைத்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்'. ஜப்பான் காலத்தில் சயாமில், இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போடப் போனவர்களைப் பற்றி 1993இல் வந்த நாவல். முதுகுப் பசை விட்டுப்போய், மூலையில் பூச்சி அரித்து, எட்டு வெள்ளி (ரிங்கிட்).

வாங்கும்போது கவனிக்கவில்லை. ஃபெரியில் பிரித்தபோதுதான் பார்த்தேன். முன்பு வைத்திருந்தவர் நீல மையில் ஆங்காங்கே கோடு போட்டிருக்கிறார். பெயர் இருந்த இடத்தைக் கிழித்து எடுத்திருக்கிறார்கள். காலரா முகாம் வரும் ஒரு பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் ரெண்டே சொல்: "என் சித்தப்பா."

நாலு பக்கமெல்லாம் ஓடவில்லை இன்றைக்கு. அந்த ஒரு பக்கத்திலேயே கரை வந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

இதை எழுதலாமா என்று நிறைய யோசித்தேன். எழுதுகிறேன்.

என் அத்தைக்கு 91 வயது. அப்பாவின் அக்கா. புக்கிட் மெர்தாஜாமில் மகன் வீட்டில் இருக்கிறார். கண்புரை முற்றிவிட்டது, ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் கொஞ்சம் படித்த தமிழும் இப்போது எட்டாது. ஞாயிறுதோறும் போவேன். வழக்கமாகப் பசியாறல் வாங்கிக்கொண்டு போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். இன்று பையில் அந்தப் புத்தகம் இருந்தது. என்ன புத்தகம் என்று கேட்டார். சயாம் என்ற சொல்லைச் சொன்னதும் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"படி."

அவருடைய அப்பா, என் பாட்டன், 1943இல் சயாமுக்கு ஏற்றப்பட்டவர். திரும்பவில்லை. எங்கள் வீட்டில் இது எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசியதில்லை. அப்பா அப்போது கைக்குழந்தை, அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அத்தைக்கு ஒன்பது வயது.

சத்தமாகப் படித்தேன். இருபது பக்கம் போல. நடுவில் நிறுத்தினால், "ஏன் நிறுத்துற, படி" என்பார். லாரியில் ஆட்களை ஏற்றும் இடம் வந்தது. அவராகவே பேச ஆரம்பித்தார்.

தோட்டத்து ஆபிஸ் முன்னால் லாரி நின்றது. மூணு மாசம் வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி, முடிந்ததும் வீடு என்று சொன்னார்கள். பாட்டன் காக்கிச் சிலுவார் (கால்சட்டை) போட்டிருந்தார். ரப்பர் பால்வெட்டும் கத்தியை லயத்து வீட்டு எரவாணத்தில் செருகிவிட்டு, "வந்து எடுத்துக்கிறேன், யாரும் தொடாதீங்க" என்றாராம். லாரி கிளம்பிய பிறகு பாட்டிதான் கவனித்தார், சாப்பாட்டை மறந்துவிட்டார் என்று. அத்தை கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு செம்மண் சடக்கில் லாரி பின்னாலேயே ஓடியிருக்கிறார். வளைவு வரைக்கும். எட்டவில்லை. தூக்கைத் திரும்பக் கொண்டுவந்து வீட்டில் வைத்தார்.

"கத்தி?" என்று கேட்டேன்.

"லயத்த இடிக்கிற வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. யாரு தொடுவா?"

எனக்கு 53 வயதாகிறது. அந்தக் கத்தியைப் பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். ஒரு நாவலை எடுத்துக்கொண்டு போனதால்.

ஜூன் 16

ஜூன் 2 அன்று எழுதியதில் "சுகம்" என்று ஒரு சொல் இருக்கிறது. அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும். நம் ஊர்ப் புத்தகத்தை நம் ஊரில் படிப்பது என்ற பாதி இன்னும் என் கட்சிதான். சுகம் என்ற பாதி மட்டும் தவறு. வேறு சொல் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

ஜூன் 18

தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர், சயாம் ரயில் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். கேட்டது நல்லது. எங்களுக்கே பள்ளியில் யாரும் விரிவாகச் சொன்னதில்லை.

ஜப்பானியர் பர்மாவுக்குத் தரைவழி தேடினார்கள். கடல்வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிகள் காத்திருந்தன. அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட்வரை காட்டையும் மலையையும் வெட்டி 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் சேர்ந்தன. 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள் வேலை செய்தார்கள், அதைத்தான் உலகம் படமெடுத்தது. அவர்களைப்போல் பல மடங்கு ஆசியக் கூலிகள். பர்மியர், ஜாவானியர், மலாயர், சீனர், அப்புறம் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். வேலை என்று சொல்லி ஏற்றியது உண்டு, இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு ஏற்றியதும் உண்டு. காலரா, மலேரியா, புண், பட்டினி.

காஞ்சனபுரிக்கு 2014இல் போயிருக்கிறேன். அங்கே போர்க்கைதிகள் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். புல்லை ஒரே அளவில் வெட்டி, பூச்செடி வைத்து, கல்லுக்குக் கல் பெயரும் வயதும் படைப்பிரிவும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் வெயிலில் வரிசை வரிசையாக நடந்தேன். எங்கள் ஆட்களுக்கு அப்படிப் பெயர் செதுக்கிய கல் கிடையாது. பாட்டன் எந்த மைலில் விழுந்தார் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு வழியும் இல்லை.

அதனால்தான் இந்த நாவல்கள். அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' என்று இன்னொன்று, அதுவும் இதே ரயில். கோ. புண்ணியவானின் 'கையறு' இன்னொன்று. ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்களே என்று ஒரு காலத்தில் நானே சலித்துக்கொண்டதுண்டு. இப்போது அப்படிச் சொல்ல வாய் வராது. கல் இல்லாத இடத்தில் புத்தகத்தை நட்டு வைக்கிறார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

காலரா முகாம். அந்த நீல மைப் பக்கம். அதைத் தாண்டிப் படிக்கலாம் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டுதான் போனேன். ரெண்டு தாளைச் சேர்த்துப் புரட்டினேன்.

"தாள் சத்தம் ரெண்டு கேட்டுச்சு" என்றார் அத்தை.

திரும்பிப் போய்ப் படித்தேன். முழுதும். அத்தை அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். யாரும் சொல்லலையே" என்றார். அப்புறம், "அந்தப் பக்கத்தில என்ன எழுதியிருக்குன்னு சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லு" என்றார். என் சித்தப்பா என்று சொன்னேன். யாரோ ஒருவருடைய சித்தப்பா. அத்தை தலையை மட்டும் ஆட்டினார்.

ஜூன் 25

என் மகள் (கணக்கியல், இரண்டாம் ஆண்டு, தமிழ் படிப்பாள் ஆனால் மெதுவாக) இதையெல்லாம் பார்த்துவிட்டு டான் துவான் எங்கின் 'தி கிஃப்ட் ஆஃப் ரெயின்' எடுத்திருக்கிறாள். ஆங்கிலம், 2007இல் வந்தது. அதுவும் பினாங்கு, அதுவும் ஜப்பான் காலம். இரவு சாப்பாட்டு மேசையில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவளுடைய கதாநாயகன் கடலோர மாளிகையில் வளர்ந்த வெள்ளைக்கார வணிகர் வீட்டுப் பிள்ளை, தாய் சீனர். என்னுடையவன் வட்டிக்கடைக்கு வந்த பையன். ஒரே தீவு, ஒரே சண்டை.

1941 டிசம்பர் 11 அன்று ஜார்ஜ்டவுனில் குண்டு விழுந்ததை அவளுக்குச் சொன்னேன். விமானச் சத்தம் கேட்டு ஜனங்கள் ஓடி ஒளியவில்லை, வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்றார்கள். அதற்கு முன் குண்டு என்றால் என்னவென்று யாருக்குத் தெரியும்? அடுத்த சில நாளில் வெள்ளைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தங்கள் ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு தீவைக் காலி செய்தார்கள். 19ஆம் தேதி ஜப்பான்காரன் வந்துவிட்டான்.

"ஃபெரித்துறையிலிருந்தா போனார்கள்?" என்று கேட்டாள். நான் தினம் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் என்றேன். அவள் எழுந்துபோய்ச் சன்னலருகே கொஞ்ச நேரம் நின்றாள். எங்கள் வீட்டுச் சன்னலில் கடல் தெரியாது, எதிர்வீட்டு மாமரம்தான் தெரியும். ஆனாலும் நின்றாள்.

ஜூன் 26

இல்லை, "என்னுடையவன்" என்று பாண்டியனைச் சொன்னது முழுச் சரி இல்லை. பாண்டியன் கிட்டங்கி ஆள், அதாவது செட்டியார் வட்டிக்கடையில் இருந்தவன், எழுதப் படிக்கத் தெரிந்தவன். என் பாட்டன் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அந்த நாவலில் பாட்டன் மாதிரி ஆட்கள் தூரத்தில்தான் தெரிவார்கள். இதை மூன்று வாரத்துக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஜூலை 1

புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு:

சிங்காரத்தின் ரெண்டு நாவலும் தமிழ்நாட்டில் தொடர்ந்து அச்சில் இருக்கின்றன. இங்கே வாங்கினால் கப்பல் செலவும் சேர்ந்து விலை ஏறித்தான் இருக்கும். இந்தியாவிலிருந்து யாராவது வந்தால் சொல்லி வையுங்கள். சாமான் பட்டியலில் முறுக்குக்கும் மிளகாய்த்தூளுக்கும் கீழே ஒரு புத்தகம் எழுதினால் யாரும் மறுப்பதில்லை, நான் அப்படித்தான் அலமாரியை நிரப்பினேன். மலேசிய நாவல்கள்தான் கஷ்டம். ஐந்நூறு பிரதி அடிப்பார்கள், வெளியீட்டு விழாவில் பாதி போகும், பிறகு கண்ணில் படாது. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்கள் நிறைய உண்டு, அந்தப் பக்கம் இருப்பவர்கள் போய்ப் பாருங்கள். மற்றபடி, பெரியவர்கள் வீட்டு அலமாரி. காலமான தமிழாசிரியர்கள் வீட்டைக் காலி செய்யும்போது தயவுசெய்து யாராவது பக்கத்தில் நில்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நாற்பது வருஷச் சேமிப்பு மறுசுழற்சி லாரியில் கிலோ கணக்கில் போனது. நான் செய்தி கேட்டு ஓடியபோது வெறும் அலமாரிதான் இருந்தது, தட்டில் புத்தகம் இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல்.

புலன (வாட்ஸ்அப்) குழுவில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறார் ஒருவர். முழுப் புத்தகத்தை அப்படி அனுப்ப மாட்டேன், எழுதியவர் குடும்பத்துக்கு அது நியாயமில்லை. கடன் தருகிறேன். வந்து வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பித் தாருங்கள்.

ஜூலை 7

இன்று இங்கே விடுமுறை. ஜார்ஜ்டவுன் 2008இல் உலகப் பாரம்பரிய நகரமான நாள். அத்தையைத் தீவுக்கு அழைத்துவந்தோம். கார் வேண்டாம், ஃபெரி என்று அடம் பிடித்தார். பெரிய பழைய ஃபெரிகள் 2020 முடிவோடு நின்றுபோயின, 2023 ஆகஸ்டில் புதுசு வந்தது என்று சொன்னேன். "இதுல காத்து வரல" என்றார்.

குவீன் தெரு மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பினாங்குத் தெரு வழியாகச் சக்கர நாற்காலியில் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனேன். பாட்டுக் கேசட் கடை இருந்த இடத்தில் கைபேசிக் கடை, அதிலிருந்தும் பாட்டுதான். அத்தைக்குக் கடைகள் தெரியவில்லை, வாசனை தெரிகிறது. மல்லி, சாம்பிராணி, வடை எண்ணெய். "இது கிட்டங்கித் தெருதானே?" என்றார். செட்டியார்கள் கிட்டங்கி வைத்திருந்த தெரு என்பதால் அவர் வாயில் இன்னும் அந்தப் பெயர். சண்டை முடிந்து பாட்டி ஒரு தோட்டை அடகு வைக்க இங்கே வந்திருக்கிறார், கைப்பிடித்து வந்தது அத்தை. திண்ணையில் சின்ன மேசையும் பெட்டியுமாக உட்கார்ந்திருந்த ஒரு பையன் அவருக்குத் தண்ணீர் கொடுத்தானாம்.

பெட்டியடிப் பையன்!

பாண்டியனின் உலகமும் பாட்டன் உலகமும் வேறு வேறு என்று ஜூன் 26இல் எழுதினேனே. அந்தத் திண்ணையில் ரெண்டும் ஒரு செம்புத் தண்ணீர் அளவுக்குத் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

ஜூலை 9

'புயலிலே ஒரு தோணி' இன்று மாலை முடிந்தது. மூன்றாம் தடவையும் கடைசிப் பக்கங்களில் தொண்டை கட்டியது. ஆனால் ஒரு குறை இந்தத் தடவை பெரிதாகத் தெரிந்தது: பெண்கள். வருகிறார்கள், போகிறார்கள், ஆண்கள் அவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். தூக்கை எடுத்துக்கொண்டு ஓடிய பெண்பிள்ளை அந்த நாவலில் இல்லை. நேதாஜி படையில் ஜான்சி ராணிப் பிரிவில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர், அவர்களில் ஒருத்தியின் குரலைக் கேட்க ஆசையாக இருக்கிறது. பெரிய நாவல்தான், என் அலமாரியில் அதன் இடம் மாறாது. ஆசையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கோலாலம்பூர் நண்பர் 'அந்திம காலம்' முடித்துவிட்டு நீளமாக எழுதியிருக்கிறார். படித்தேன். நன்றி. புத்தகத்தை அலமாரியின் மேல்தட்டிலிருந்து கைக்கு எட்டும் தட்டுக்கு இறக்கி வைத்திருக்கிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

'சயாம் மரண ரயில்' அத்தைக்குப் படித்து முடித்தேன். ஐந்து ஞாயிறு. முடிந்ததும், "முதல்லேர்ந்து படி" என்றார். அடுத்த வாரம் தொடங்குகிறோம். மகள் ஒரு ஞாயிறு தான் படிக்கிறேன் என்கிறாள், மெதுவாகத்தான் வரும், அத்தைக்கு அவசரமில்லை.

புத்தக ஓரத்தில் நானும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். பென்சிலால், நீல மைக்கு எதிர்ப்பக்க ஓரத்தில். அத்தை சொன்னது, தேதி. லாரி வரும் பக்கத்தில் காக்கிச் சிலுவார், எரவாணம், கத்தி, வளைவு.

இங்கே எழுதி வந்ததையும் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். தன்னைப் பற்றி எழுதியதில் கோபமில்லை. ஒரே ஓர் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"கஞ்சின்னு யாரு சொன்னா? ஜப்பான்காரன் காலத்தில அரிசிய எங்க கண்டோம்? அவிச்ச மரவள்ளி. உப்பு கூட இல்ல. சரியா எழுது."

ஜூன் 15 குறிப்பில் கஞ்சித் தூக்கு என்றிருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு என்று படித்துக்கொள்ளுங்கள்.